ஒக்கட்டா இல்லாமல் வண்டி நகராது

அவருடைய ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே தீப்பிடித்த பகலிலிருந்தே தொடங்குகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தாலும் முக்கால்வாசி அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

எதிர்ச்சாரித் தையல் கடையில் மின்சாரம் போனபோது இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். யாங்கோனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். அன்று பார்த்துச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டது. பூட்டிய கதவின் இடுக்கிலிருந்து புகை கிளம்பியதை முதலில் பார்த்தவர் இவர்தான். கடைக்குள் வாளியும் இருந்தது, பீப்பாய் நிறையத் தண்ணீரும் இருந்தது. நாலு வாளியில் அடங்கியிருக்கும் என்று தையல்காரர் இன்றைக்கும் சொல்கிறார். இவர் வாளியைத் தொடவில்லை. ஷட்டரை இறக்கினார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். தெருவில் போன சைக்காவை, அதாவது எங்கள் ஊர் சைக்கிள் ரிக்ஷாவை, கைதட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். தீ இருந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எட்டுத் தெரு தள்ளியிருந்த தீயணைப்புக் கொட்டகைக்குப் போனார். அங்கே வெள்ளைத் தலைக்கவசத்தை மாட்டி, வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மணியை அடித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். அதற்குள் தையல் கடை முடிந்து, பக்கத்து வளையல் கடையின் பெயர்ப் பலகை எரிந்துகொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "யாரும் கிட்ட வராதீங்க. நாங்க வந்துட்டோம்" என்றார். அவரை ஏற்றிக்கொண்டு போன சைக்காக்காரர் இந்தக் கதையைச் சொல்லியே ஒரு வாரம் ஓசியில் தேநீர் குடித்தார்.

எங்கள் வார்டுத் தமிழர்கள் சேர்ந்து நடத்திய தொண்டுத் தீயணைப்புக் குழுவுக்கு அவர் தலைவர். பர்மியத்தில் தலைவரை ஒக்கட்டா என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போன் போட்டால் அவர் மனைவியே, "ஒக்கட்டா குளிக்கிறாங்க" என்றுதான் சொல்வார். சென்ற வருஷம் ஒக்கட்டா மகனோடு இருக்க மலேசியாவுக்குப் போய்விட்டார். அங்கே எந்த வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது.

குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி ஒன்று, அதன் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு பம்பு. தொண்டர்கள் முப்பது பேர் இருந்தோம். கடைக்காரன், வெல்டர், குருக்களின் மைத்துனர், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பரோட்டா போடுகிறவர் என்று எல்லா ரகமும் உண்டு. சம்பளத்துக்கு இரண்டே பேர். டிரைவர் முருகேசன், அடையாள அட்டையில் பர்மியப் பெயராக மியோ மின். பம்பைக் கவனிக்கும் உ தெய்ன், பர்மியர்; உ என்பது அவர்கள் பெரியவர் பெயருக்கு முன் போடும் மரியாதை. தீயை அணைத்தது பெரும்பாலும் இந்த இரண்டு பேரும், தொண்டர்களில் ஏழெட்டுப் பேரும்தான். மற்றவர்கள் குழாயைத் தூக்கிக் கொடுத்தோம். சிலர் அதையும் போட்டோ எடுக்கும்போது மட்டும் தூக்கினார்கள்.

நான் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கிறவன். சேவை மனப்பான்மையால் குழுவில் சேர்ந்தேன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். இந்த ஊரில் பாதித் தீக்கு, என்னைப் போன்றவர்கள் விற்ற பேட்டரியைக் கண்டபடி மாட்டியதுதான் காரணம். நாளைக்கு யாராவது விரலை நீட்டினால், நானும்தான் அணைக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே. என் யோக்கியதை இவ்வளவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒக்கட்டாவுக்கு வருவோம். அவருக்குத் தீயைவிட முக்கியம், தீ இருக்கும் இடத்துக்கு வண்டியில் வந்து இறங்குவது. நடந்தோ சைக்காவிலோ ஒரு தீக்கு அவர் வந்ததாகச் சரித்திரம் இல்லை. முன் இருக்கையில் அவர் உட்காராமல் வண்டி கொட்டகையை விட்டு நகரக்கூடாது என்று விதியே எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கேட்டால், "தல இல்லாம முண்டம் மட்டும் போயி என்னா பண்ணும்?" என்பார். இந்த வாக்கியத்தை அவர் வாயால் ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். தலை என்னவோ குளித்து, உடுத்தி, சாமி கும்பிட்டு, சீவிக்கொண்டுதான் வரும். தலைக்கவசம் மாட்டப்போகிறவர் எதற்குத் தலை சீவ வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முருகேசனுக்கு முன்னால் இருந்த டிரைவர் ஒருமுறை பொறுமை இழந்து, அவரை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சரியான நேரத்துக்குப் போய், ஒரு சமையலறையோடு தீயை நிறுத்தியும்விட்டார். மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் ஒக்கட்டா. "தீ அணஞ்சிருச்சு, அது வேற. ஒழுங்கு அணஞ்சிருச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த நாங்கள் தலையை ஆட்டினோம்.

அவர் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. சில வழிகளில் சோதனைச் சாவடிகள் இருக்கும். வண்டி ஓட வார்டு அலுவலகம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினால்தான் விடுவார்கள். அந்தக் கடிதம் ஒக்கட்டாவின் சட்டைப் பையில் இருந்தது. அதை வண்டியிலேயே வைத்துவிட்டால் என்ன என்று ஒரே ஒருவர்தான் கேட்டார். அவர் வெல்டர் யூசுப் பாய்.

"தொலஞ்சு போனா?" என்றார் ஒக்கட்டா.

"பிளாஸ்டிக் ஒட்டித்தானே வச்சிருக்கீங்க. நீங்க ஜெராக்ஸ் கடைதானே வச்சிருக்கீங்க, நாலு காப்பி எடுத்தா ஆச்சு" என்றார் பாய்.

ஒக்கட்டா பாயை நிதானமாகப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "பாய்க்கு எதுலயும் அவசரம்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் சிரித்தால் நாங்கள் சிரிப்பது வழக்கம்.

ஏன் சிரித்தோம் என்றால், எங்கள் எல்லாருக்கும் அவரால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. இந்த ஊரில் பாஸ்போர்ட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வீட்டில் விருந்தாளி தங்குவதற்கு, எதற்கும் வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். நாம் போய் நின்றால் ஒரு வாரம் இழுக்கும். ஒக்கட்டா போனால் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் வந்துவிடும். அதை அவர் சொல்லிக்காட்டியதே இல்லை. அவர் சொல்லிக்காட்டாமலே எங்களுக்கு ஞாபகம் இருந்தது.

இனி டோக்கன் கதை. வண்டியின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் முப்பது ஆணி. ஒவ்வொரு தொண்டனுக்கும் எண் போட்ட ஒரு தகரத் துண்டு உண்டு. தீக்குள் போகும் முன் தன் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரு டோக்கன் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். உயிரைக் காக்க யாரோ புத்திசாலி கண்டுபிடித்த ஏற்பாடு. ஒக்கட்டா அதை வருகைப் பதிவாக மாற்றினார். தானே ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எந்தெந்த எண் தொங்குகிறது என்று ஒவ்வொரு தீயிலும் குறித்துக்கொண்டார். வருஷத்துக்குப் பத்துத் தீக்கு டோக்கன் மாட்டியவனுக்குத்தான் தலைவர் தேர்தலில் ஓட்டு என்று இன்னொரு கண்ணாடிச் சட்டமும் மாட்டினார்.

கேட்பதற்கு நியாயம்தான். வராதவனுக்கு எதற்கு ஓட்டு? ஆனால் யோசித்துப் பாருங்கள், டோக்கன் மாட்டுகிறவன் யார்? வண்டியோடு வருகிறவன். யூசுப் பாயைப் போன்றவர்கள் "மீ! மீ!", அதாவது தீ, தீ என்ற பர்மியக் கூச்சல் காதில் விழுந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே எரிகிற வீட்டுக்கு ஓடினார்கள். வண்டி வருவதற்குள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். வண்டி வந்து நின்றதும், உள்ளே இருப்பவர் வெளியே ஓடிவந்து டோக்கனை மாட்டிவிட்டு மறுபடி உள்ளே போவாரா? எங்கள் குழுவில் நிஜமாகத் தீக்குள் போனவர்களின் ஆணிகள்தான் காலியாக இருந்தன. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றவர்களின் டோக்கன்கள் வரிசையாகத் தொங்கின. முதல் ஆணியில் ஒன்றாம் எண், ஒக்கட்டாவுடையது.

சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கும் டோக்கனே கிடையாது. "மாசம் பொறந்தா கூலி வாங்குறவன் தலைவர எப்படித் தேர்ந்தெடுப்பான்? நாளைக்கு சமையக்காரன் வந்து எனக்குப் புடிச்ச மாப்பிள்ளையப் பாருங்கன்னு நிப்பான்" என்பார். தொண்டு வேறு, கூலி வேறு என்பது அவர் சித்தாந்தம். எல்லாத் தீக்கும் போகிறவர்களுக்குக் கூலி வாங்குவதால் ஓட்டு இல்லை. முதலில் போகிறவர்களுக்கு டோக்கன் தொங்காததால் ஓட்டு இல்லை. மிச்சம், ஒக்கட்டாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அதில் நான் ஒருவன், பேட்டரி மாற்றுகிற சாக்கில் கொட்டகையிலேயே கிடந்ததால்.

முருகேசன் வீடு தீப்பிடித்த அன்றும் நான் அங்கேதான் இருந்தேன்.

சித்திரை மாதத்து வெயில், மூன்று மணி இருக்கும். போனை எடுத்தவன் முருகேசன். கேட்டவுடன் அவன் முகம் மாறிவிட்டது. வார்டின் ஓரத்தில், ஓடைக்கரையில் மூங்கில் தட்டியும் தகரமுமாக ஒரு வரிசை வீடுகள் உண்டு. தீ அங்கே. அவன் வீடும் அங்கே. மனைவி ஊர்க்கோடி ஷ்வேப்யிதாவிலுள்ள துணி ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனார் மட்டும்.

ஓடி ஏறி எஞ்சினைப் போட்டான். உ தெய்ன் பின்னால் ஏறினார். நானும் ஏறினேன். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. நகரவில்லை.

ஒக்கட்டா வரவில்லை.

போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். "ஒக்கட்டா குளிக்கிறாங்க. கெளம்பிருவாங்க. வண்டிய நிறுத்தி வையுங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார்.

முருகேசன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி ஓடலாம்தான். ஓடிப்போய் வெறுங்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தண்ணீர் இங்கேதான் இருந்தது. வண்டியை எடுத்தால் வேலை போகும், சாவடியில் கடிதம் இல்லாமல் மாட்டினால் வண்டியும் போகும். அவன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். "எடுடா வண்டிய, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவன் எடுத்திருப்பான். ஓட்டு உள்ள உறுப்பினன் சொன்னான் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நான், "வந்துருவாரு" என்றேன்.

பதினேழு நிமிஷம் ஆயிற்று. என் போனில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தலை சீவி, சட்டை மாட்டி, நெற்றியில் விபூதியோடு வந்து முன் இருக்கையில் ஏறினார். "எங்க தீ?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல, ஒக்கட்டா" என்றான் முருகேசன்.

"அப்ப சீக்கிரம் எடு" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது மூன்று வீடுகள் இல்லை. யூசுப் பாய் வண்டிக்கு முன்னாலேயே வந்து, தட்டியைக் கடப்பாரையால் பிளந்து, கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தார். கிழவர் உயிரோடுதான் இருந்தார், ஆனால் நிறையப் புகை குடித்துவிட்டார். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சாவுக்கு ஒக்கட்டா எதில் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? தீயணைப்பு வண்டியில்தான். உ தெய்ன் ஓட்ட, முன் இருக்கையில் மடியில் மாலையோடு வந்து இறங்கினார். "இந்தக் குடும்பத்துக்கு நம்ம குழு என்னைக்கும் தொணையா நிக்கும்" என்று பேசினார். பேசிவிட்டு முருகேசனின் தோளில் கைபோட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். முருகேசன், "யபாதே ஒக்கட்டா, யபாதே" என்றான். பரவாயில்லை என்று பர்மியத்தில் சொல்கிற வார்த்தை. அவன் எதற்கும் சொல்வது அதுதான். அன்றைக்கு அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததோடு சரி.

அந்த மாதம் போட்டோவின் கீழே முகநூலில் நூறு பேர் ஒக்கட்டாவைப் புகழ்ந்திருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டிருந்தேன்.

அதற்கடுத்து வந்த தேர்தல்தான் நான் சொல்ல வந்தது. பட்டியல் ஒட்டியபோது அதில் யூசுப் பாய் பெயர் இல்லை. பாய் நேரே ஒக்கட்டாவின் கடைக்கே போய்க் கேட்டார்.

"ஓடக்கரத் தீக்கு நான் வரல்லியா?"

ஒக்கட்டா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "டோக்கன் தொங்கல்லியே பாய்."

"கெழவரத் தூக்கிட்டு வந்தது யாரு? உங்க கண்ணு முன்னாலதானே எறக்கி வச்சேன்?"

"நான் பாத்தேன். நான் பாத்தது வேற, நோட்டு வேற. டோக்கன் தொங்கல்லேன்னா ஆளு வரல்லேன்னு அர்த்தம். இன்னைக்கு உங்களுக்காக வளச்சா நாளைக்கு எல்லாரும் வளைக்கச் சொல்லுவாங்க."

பாய் அன்றைக்கே தன் டோக்கனைக் கொண்டுவந்து ஜெராக்ஸ் கடைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகும் தீக்கு வந்துகொண்டுதான் இருந்தார், கணக்கில் வராமல்.

முருகேசன் வேறு வழியில் முயன்றான். தேநீர்க் கடையில், கடை வாசலில், கோயிலுக்கு வெளியே என்று ஓட்டுள்ள ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துத் தனியாகப் பேசினான். என்னிடமும் வந்தான். வீட்டுக்காரியோடு ஒரு சொந்தக்காரர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்போது குடியிருந்தான்.

"அண்ணே, அவர எறக்கணும்னு நான் சொல்லல்லே. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஓட்டு குடுங்க, அது போதும். வண்டிய ஓட்டுறது நானு. எப்ப எடுக்கணும்னு சொல்றவங்கள யாரு வைக்கிறதுன்னு எங்கிட்டயும் ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கண்டிப்பா கேக்கணும்" என்றேன்.

"போன் வந்தா வண்டி போகணும்ணே. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. எங்களுக்கு ஓட்டு இருந்தா, அப்புறமா எதுத்து நிக்க யாருக்காச்சும் தைரியம் வரும்."

"நான் இருக்கேன்டா" என்றேன். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன். அவன் பேசிய மற்ற பத்துப் பேரும் நம்பித்தான் சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டுத் தமிழர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். ஒக்கட்டாவின் மனைவி சமோசாவும் தேநீரும் கொடுத்தார். முருகேசனையும் உ தெய்னையும் வெளியே வண்டியைக் கழுவச் சொல்லிவிட்டார்கள். உள்ளே பேசுவது அவர்கள் காதில் விழாமல் இருக்கக் கதவையும் சாத்தினார்கள். தீர்மானத்தை ஒக்கட்டாவே படித்தார். சம்பள ஆட்களுக்கு ஓட்டு வேண்டுமா, வேண்டாமா? கை தூக்கச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் பெருந்தன்மையாக, "யாரும் சங்கடப்பட வேணாம். எழுதிப் போடுங்க" என்று ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.

அவருடைய ஜெராக்ஸ் கடையில் வீணாய்ப்போன காகிதங்களைக் கிழித்த துண்டுகள் அவை. என் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் யாருக்கோ எடுத்த சிபாரிசுக் கடிதத்தின் பாதி, அதில் வார்டு அலுவலக முத்திரையின் பாதி. என் மகள் அப்போது பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தாள். கடிதம் வாங்கித் தருவதாக ஒக்கட்டா சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது. எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாரோ? ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற மனுஷர், எல்லார் கையெழுத்தும் அவருக்குத் தெரியும். என் ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப்போகிறது? மற்றவர்கள் போடுவார்கள். இப்படியெல்லாம் யோசித்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, "வேண்டாம்" என்று எழுதினேன். வெளியே வண்டியின்மேல் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எண்ணியதும் அவரேதான். ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படித்தார். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ஏழாவதோ எட்டாவதோ பிரித்தபோது சற்று நின்றார். "வேணும்" என்று படித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தார். பதினோரு பேர் வேண்டாம், ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யாரென்று தெரியாமல் நாங்கள் எல்லாருமே தரையைப் பார்த்தோம். அடுத்து தலைவர் தேர்தல். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. கைதட்டி முடித்தோம். சமோசா நன்றாக இருந்தது என்று அவர் மனைவியிடம் நான் சொன்னேன்.

வாசலில் முருகேசனைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து, "என்னாச்சுண்ணே?" என்றான். முடிவை ஒக்கட்டா சொல்வார் என்று சொல்லிவிட்டு நான் நடையைக் கட்டினேன்.

கடிதம் இரண்டே நாளில் வந்தது. மகளுக்குப் பாஸ்போர்ட்டும் பிற்பாடு கிடைத்தது. கூட்டத்துக்கு அப்புறம் கொட்டகைப் பக்கம் போக எனக்கே கூச்சமாக இருந்தது. பத்து நாள் கழித்து, வண்டியின் பேட்டரி உயிரை விடுகிறது என்று உ தெய்ன் சொல்லி அனுப்பியபோது போகாமல் இருக்க முடியவில்லை. புதிய பேட்டரியை மாட்டிவிட்டு, ஹாரனுக்குப் போகிற கம்பியைச் சரிசெய்ய முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பகல் பன்னிரண்டு மணி. போன் வந்தது. சந்தைக்குப் பின்னால் ஒரு எண்ணெய்க் கிடங்கில் தீ. முருகேசன் ஓடிவந்து ஏறி எஞ்சினைப் போட்டான். உ தெய்ன் பின்னால் ஏறினார். காத்திருந்தோம்.

பக்கத்தில் அவனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவன் ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "முருகேசா, அன்னைக்கு உனக்காக விழுந்துச்சே ஒரு ஓட்டு, அது நான்தான்டா போட்டேன்" என்றேன்.

அவன் தெருமுனையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். "விழுந்தது ஒண்ணுதாண்ணே. அது தாந்தான்னு இதுவரைக்கும் எட்டுப் பேரு வந்து சொல்லிட்டாங்க. நீங்க ஒம்பதாவது."

கம்பியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று, "மொதல்ல யாரு வந்து சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒக்கட்டாதான்" என்றான். "கூட்டம் முடிஞ்ச கையோட வந்து தோள்ல கைய போட்டுச் சொன்னாரு. அந்த ஒண்ணு நான் போட்டதுடா, மத்தவங்களுக்குத்தான் மனசு வரல்லேன்னு."

அந்த மனிதரைப் பற்றி எத்தனை இடத்தில் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்! அவர் சொன்ன பொய்யையே பத்து நாள் கழித்து, அதே வார்த்தைகளில், அவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு நானும் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னது நிஜமாகவே இருந்துவிட்டால் என் நிலைமை இன்னும் மோசம்.

தெருமுனையில் அவர் வந்துகொண்டிருந்தார். சந்தைப் பக்கம் புகை கூரைகளுக்கு மேலே ஏறிவிட்டது. அவர் ஓடவில்லை, நடந்துதான் வந்தார். வண்டியை நெருங்கியதும் முன் இருக்கையில் என்னைப் பார்த்து நின்றார். நான் இறங்கி, அவர் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.